மாறியது உடையா, உயிரா? 'உயிரே' அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் காமிக்ஸ் வாசகர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சூப்பர் ஹீரோக்களை ஆசியக் கலைஞர்கள் தங்கள் பாணியில் மீண்டும் படைத்தபோது மாறியது உடையா, உயிரா என்பது தலைப்பு. உயிர்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரே ஒரு படத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். வேட்டி கட்டிய ஸ்பைடர்மேன். மேலே அதே சிலந்தி, கீழே ஒரு வேட்டி, பீட்டர் பார்க்கர் இருந்த இடத்தில் பவித்ர் பிரபாகர், நியூயார்க் இருந்த இடத்தில் மும்பை, பென் மாமா பீம் மாமாவாகிவிட்டார், மே அத்தை மாயா அத்தையாகிவிட்டார், இதற்குப் பெயர் மறுபடைப்பா என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 2004-இல் காதம் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் கொண்டுவந்து, ஜீவன் காங் வரைந்த அந்தத் தொடர் மொத்தமே நாலு இதழ்தான். அதில் பல பக்கங்கள் உடை மாற்றம்தான் என்பதை நான் மறுக்கப்போவதில்லை, பெயர்களை ஒலிக்கு ஒலி பொருத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தொடரில் ஒரு இடம் இருக்கிறது, நண்பர் அதைப் பார்க்காமல் தாண்டிவிட்டார். 1962-இல் பீட்டரைக் கடித்தது கதிரியக்கம் பட்ட ஒரு சிலந்தி. முழுக்க முழுக்கத் தற்செயல், அந்தச் சிலந்தி பக்கத்தில் நின்ற வேறு ஒருவனைக் கடித்திருந்தால் அவன் ஸ்பைடர்மேன் ஆகியிருப்பான். பவித்ருக்குச் சக்தி கொடுப்பவர் ஒரு யோகி. அவனை எதிர்க்கும் நலின் ஓபராய் ஆய்வுக்கூட விபத்தில் கெட்டுப்போனவன் இல்லை, ஒரு தாயத்தின் வழியாக ராட்சசனுக்கு உடம்பைக் கொடுத்தவன். விபத்து இருந்த இடத்தில் வரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

வரம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? விபத்தில் கிடைத்த சக்திக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, மனசாட்சியிடம் சொன்னால் போதும். வரமாகக் கிடைத்ததற்குக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், ஏன் கொடுத்தார் என்ற கேள்வி இருக்கிறது, வாங்கினவன் அதை என்ன செய்தான் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வருகிறது. பஸ்மாசுரன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பீட்டரின் கதையில் இல்லாத இந்தக் கேள்வி பவித்ரின் கதையில் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. நாலே இதழில் அந்தக் கதவுக்குள் யாரும் போகவில்லை, அது என் வருத்தம். வேட்டியை வைத்து அந்தத் தொடரை எடை போட்டால் இது கண்ணில் படாது.

சரி, அதை அங்கேயே விடுகிறேன். எதிரணியின் மிகப் பலமான சாட்சி அதுதான் என்றால், என் பலமான சாட்சியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நான் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன் நடுவர் அவர்களே. கதையில் ஹீரோவின் உடையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். முகமூடி இல்லை, சின்னம் இல்லை, அங்கி இல்லை. மிச்சம் இருப்பது பழைய கதையேதானா, இல்லை வேறொன்றா? பழைய கதையே என்றால் எதிரணி ஜெயித்தது.

1970-இல் ரியோய்ச்சி இகெகாமி என்ற இளைஞரிடம் ஸ்பைடர்மேனை ஜப்பானுக்காக வரையச் சொன்னார்கள். அவர் ஷிகெரு மிசுகியிடம் உதவியாளராக வேலை பார்த்தவர், மிசுகி என்றால் பேய்க் கதைகளின் பெரிய கை. இகெகாமியின் ஸ்பைடர்மேன் பெயர் யூ கொமோரி, டோக்கியோவில் படிக்கும் பையன். அவனுக்குப் பேனா நட்பில் பழக்கமான ஒரு பெண், காணாமல் போன அண்ணனைத் தேடி டோக்கியோ வருகிறாள். அதே நேரத்தில் ஊரில் ஒரு மின்சார மனிதன், எலக்ட்ரோ, அட்டகாசம் செய்துகொண்டிருக்கிறான். யூ அவனோடு மோதுகிறான், அவன் செத்துப்போகிறான். அப்புறம்தான் தெரிகிறது, செத்தவன் அந்தப் பெண்ணின் அண்ணன்.

இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அமெரிக்க மூலத்தில் பீட்டரின் குற்றவுணர்வு எதனால் வருகிறது? தடுத்திருக்கக்கூடிய ஒரு திருடனைத் தடுக்காமல் விட்டான், அந்தத் திருடன் பென் மாமாவைக் கொன்றான். அதாவது செய்யாமல் விட்டதன் பாவம். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் உண்டு, இனிமேல் செய்தால் போதும், அதனால்தான் பீட்டரால் கம்பத்துக்குக் கம்பம் தாவிக்கொண்டே கேலி பேசவும் முடிகிறது. யூ கொமோரியின் பாவம் செய்ததன் பாவம். நல்லது என்று நினைத்து, எல்லாரும் கைதட்டும்படி ஒன்றைச் செய்கிறான், அது தனக்குப் பிடித்தவளின் வீட்டில் இழவாக விழுகிறது. இனிமேல் எத்தனை பேரைக் காப்பாற்றினால் அது சரியாகும்? இகெகாமி பதில் சொல்லவில்லை. பாதியில் கஸுமாஸா ஹிராய் எழுத வந்த பிறகு கதை இன்னும் இருட்டாகிறது, சில அத்தியாயங்களில் அந்தச் சிவப்பு நீல உடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உடையே அதிகம் வராத ஸ்பைடர்மேன் கதையில் உடை மட்டும்தான் மாறியது என்று எப்படிச் சொல்வது?

அந்தக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1968, 69-இல் ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்துக் கிடந்தன, மாணவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். நல்லது செய்யப் போனவன் கையில் ரத்தம் படுவது அந்தத் தலைமுறைக்கு ஏட்டில் படித்த விஷயம் இல்லை. அந்த வயதுப் பையன்கள் வாங்கிப் படித்த பத்திரிகையில் அந்தக் கதை வந்தது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தோழி வேறு ஒரு பக்கம் அடித்தார். சூப்பர் ஹீரோ என்பதே அமெரிக்கச் சரக்கு, 1938-இல் சூப்பர்மேனோடு பிறந்தது, வேர் அங்கே இருக்கிறது, ஆசியாவில் நட்டால் அது பூந்தொட்டிச் செடியாகத்தான் நிற்கும் என்றார். உவமை அழகாக இருந்தது. ஆனால் 1938-க்கு முன்னால் போய்ப் பார்க்கலாமா?

1930-களின் தொடக்கம், ஜப்பான், பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரம், வேலை இல்லாத ஆட்கள் நிறைய. ஒருவர் சைக்கிளில் தெருவுக்குள் வருகிறார், பின்னால் ஒரு மரப்பெட்டி. இரண்டு கட்டைகளை டக் டக்கென்று தட்டுகிறார், சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். மிட்டாய் விற்கிறார், வாங்கினவர்களுக்கு முன்வரிசை. பெட்டியைத் திறந்தால் ஒரு சின்ன மேடை, அதற்குள் அட்டையில் வரைந்த படங்கள், ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே குரலை மாற்றி மாற்றிக் கதை சொல்கிறார், சரியாக ஆள் மலையிலிருந்து விழும் இடத்தில் மிச்சம் நாளைக்கு என்று பெட்டியை மூடிவிடுகிறார். இதற்குக் கமிஷிபாய் என்று பெயர். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்த பெரிய நாயகன் ஓகோன் பாட், பொன் வௌவால். மண்டையோட்டு முகம், தோளில் அங்கி, வானத்தில் பறக்கிறான், கெட்டவர்களை ஒழிக்கிறான். சூப்பர்மேன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால்.

இதை வைத்து நாங்கள்தான் முதலில் என்று மார்தட்டப்போவதில்லை, அது சின்னப்பிள்ளைச் சண்டை. நான் சொல்ல வருவது வேறு. பின்னால் அமெரிக்க ஹீரோக்கள் ஜப்பானுக்கு வந்து இறங்கியபோது அவர்கள் வெறும் தரையில் இறங்கவில்லை. ஏற்கெனவே உழுது, விதைத்து, கதை அறுவடை செய்துகொண்டிருந்த நிலத்தில் இறங்கினார்கள். பூந்தொட்டி எங்கே வந்தது?

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். மார்ஸ் ரவேலோ சூப்பர்மேனைப் பார்த்தவர்தான், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் 1947-இல் வர்கா என்ற பெயரிலும் 1950-இல் டார்னா என்ற பெயரிலும் அவர் படைத்தது ஒரு கிராமத்துப் பெண். நார்டா என்ற அந்த ஏழைப்பிள்ளை ஒரு வெள்ளைக் கல்லை வாயில் போட்டு விழுங்கி டார்னா என்று கத்தினால் சக்தி வருகிறது. டார்னாவை வரைந்த நெஸ்டர் ரெடொண்டோவையும் அவரோடு இன்னும் பல பிலிப்பைன்ஸ் ஓவியர்களையும் 1970-களில் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள் தேடிப் பிடித்து வேலை கொடுத்தன. டோனி டிசுனிகா, அல்ஃப்ரெடோ அல்கலா, அலெக்ஸ் நின்யோ என்று அந்த வரிசை நீளும். மணிலா வரைக்கும் போன சூப்பர்மேன் திரும்பி வரும்போது ஒரு பரம்பரையையே கூட்டிக்கொண்டு வந்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி சொல்லும். ஆசியாவில் பிறந்தவர் வரைந்தால் போதும், உயிர் மாறிவிடும் என்று நான் வாதாடவில்லை. ஜிம் லீ சியோலில் பிறந்தவர். அவர் வரைந்த 1991-இன் எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது, ஒரே காமிக்ஸ் இதழுக்கு அது உலக சாதனை. ஆனால் அது அமெரிக்கப் பாணியின் உச்சம், அவரை என் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன். அதே மாதிரி 2002 வாக்கில் ஸ்பைடர்மேனின் சொந்தக் கம்பெனியான மார்வெல் தன் ஹீரோக்களையெல்லாம் மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், முகத்தோடு ஒரு வரிசையாகக் கொண்டுவந்தது, அதையும் கூப்பிட மாட்டேன். கண்ணைப் பெரிதாக்கி முடியைக் கூராக்கினால் மாங்கா ஆகிவிடாது. நாம் பேச வேண்டியது கதை சொல்லும் முறையை.

மாங்காவில் ஷீன் என்று ஒரு ஒலிக்குறி உண்டு. அமெரிக்கக் காமிக்ஸில் அடி விழுந்தால் ஒரு சத்தம், குண்டு வெடித்தால் ஒரு சத்தம், எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஷீன் எந்தச் சத்தத்துக்கான எழுத்து தெரியுமா? சத்தமே இல்லாததற்கு. ஒரு அறையில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நிசப்தத்தை எழுத்தாகப் படத்தின் குறுக்கே எழுதுகிறார்கள். நிசப்தத்துக்கே ஒலிக்குறி வைத்திருக்கும் ஒரு மரபின் கையில் பேட்மேனையோ வால்வரினையோ கொடுத்தால், அவர்கள் அடிக்கும் அடியை விட அடிப்பதற்கு முன்னால் இருக்கும் மௌனத்தை வரைவார்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993-இல் வகை பிரித்துக் காட்டினார். அமெரிக்க ஹீரோக் கதை பெரும்பாலும் செயலிலிருந்து செயலுக்குத் தாவுகிறது, கையை ஓங்கினான், அடித்தான், விழுந்தான். ஜப்பானியக் கதைகளில் இன்னொரு வகை நிறைய வருகிறது. ஒரு ஜன்னல், அதில் வழியும் மழை, ஓரத்தில் ஒரு செருப்பு, அப்புறம் ஒரு முகம். நேரம் நகரவில்லை, கண் மட்டும் நகர்கிறது. படிக்கிறவன் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறான்.

இது அலங்காரம் இல்லை நடுவர் அவர்களே. ஒரு ஹீரோ என்ன செய்கிறான் என்று கேட்டுக்கொண்டே போகும் கதையும், அவன் எங்கே நிற்கிறான், அந்த இடம் அவனை என்ன செய்கிறது என்று கேட்கும் கதையும் ஒன்றாக முடியுமா?

கொரியர்கள் கொடுத்த வடிவம் இன்னொன்று, வெப்டூன். பக்கம் என்பதே கிடையாது, போனில் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போகிறோம். மேலிருந்து கீழே ஒரே நீளம். இதில் ஒரு ஹீரோ மாடியிலிருந்து விழுகிறான் என்று வையுங்கள், காகிதத்தில் அது ஒரு கட்டம், இங்கே நம் விரல் தள்ளத் தள்ள விழுந்துகொண்டே இருக்கிறான், நாம் நிறுத்தினால் அந்தரத்தில் நிற்கிறான். இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கிற வெள்ளை இடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம். 2014-இல் கோ யங்-ஹூன் இந்த வடிவத்தில் அவெஞ்சர்ஸ் கதை ஒன்றைச் செய்தார், அதில் பிறந்த ஒயிட் ஃபாக்ஸ் என்ற நாயகி கொரிய நாட்டுப்புறக் கதையின் ஒன்பது வால் நரி வம்சம். அவள் பிறகு அமெரிக்க இதழ்களுக்குள்ளும் போய்விட்டாள்.

அப்புறம் பீச் மொமொகோ. இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரமணி அடித்துவிடும், இருந்தாலும் சொல்கிறேன். 2021-இல் டெமன் டேஸ் என்று மார்வெல் ஹீரோக்களைத் தண்ணீர் வண்ணத்தில் ஜப்பானியப் பேய்க் கதைகளுக்குள் கொண்டுபோய் விட்டார். எக்ஸ்-மென் நாயகி சைலாக் அங்கே ஊர் ஊராய்ப் போகும் வாள்காரி, வால்வரின் அவள் பக்கத்தில் நடக்கும் ஓநாய், ஹல்க் ஓனி என்கிற பூதம், வெனம் ஒரு பெரிய பாம்பு. உடை மாற்றம் என்று எதிரணி இதைத்தான் சொல்லும், தெரியும். ஆனால் ஹல்க் பூதமானால் அவனைக் குணப்படுத்த வேண்டும் என்ற எண்ணமே போய்விடுகிறது. அமெரிக்க ஹல்க் ஒரு நோய், புரூஸ் பேனர் அதிலிருந்து விடுபடத் தவிக்கிறார். பூதம் நோய் இல்லை. அது மலையில் இருக்கிறது, அது இருந்துகொண்டுதான் இருக்கும், ஊர்க்காரர்கள் அதோடு எப்படி வாழ்வது என்று பார்க்க வேண்டும். எல்லைச் சாமிக்கும் பேய்க்கும் நடுவில் கோடு எங்கே என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்த மாதிரி, மொமொகோவுக்கும் தெரிகிறது.

2024-இல் அதே மொமொகோ அல்டிமேட் எக்ஸ்-மென் எழுதி வரைய ஆரம்பித்தார். எக்ஸ்-மென் என்றால் பேராசிரியர் சேவியரின் பள்ளிக்கூடம், பெரிய மாளிகை, வெறுக்கும் உலகத்துக்கு எதிராக ஒரு படை. இங்கே அது ஒன்றும் இல்லை. ஹிசாகோ என்ற பள்ளி மாணவி, நெருங்கிய நட்பு ஒன்றின் சாவு, அந்த உயிரைக் காப்பாற்றாமல் விட்டோமே என்ற நினைப்பு நிழலாகப் பின்னால் வருகிறது. ஊரே வெறுக்கிறது என்பதை விட வகுப்பில் நாலு பேர் வெறுக்கிறார்கள் என்பது ஒரு பதினாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2021-இல் ஜப்பானில் ஒரு சூப்பர்மேன் தொடர் வந்தது, அதில் அவர் மதிய இடைவேளையில் அமெரிக்காவிலிருந்து பறந்து ஜப்பானுக்கு வந்து சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். அவ்வளவுதான் கதை. சதோஷி மியாகவா எழுதியது. எதிரணியில் ஒரு தம்பி இதைக் கேட்டதும் சிரித்தார், நான் கவனித்தேன். தம்பி, சூப்பர்மேனுக்கு இதற்கு முன்னால் யாராவது பசி கொடுத்தார்களா? உலகத்தைத் தூக்கிச் சுமக்கிற ஒருவர் ஒரு கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடும்போது, அவர் வேற்றுக்கிரகத்துக்காரர் என்பதே மறந்துபோகிறது. சாப்பாட்டுக்கென்றே தனிக் கதைவகை வளர்த்து வைத்திருக்கும் மரபால்தான் இதைச் செய்ய முடியும். அதே மியாகவாவின் இன்னொரு கதையில் பேட்மேன் குழந்தையாக மாறிவிடுகிறான், ஜோக்கர் அவனை எடுத்து வளர்க்கிறான். எதிரியைத் தூளியில் போட்டு ஆட்டுவது!

எதிரணித் தலைவர் கடைசியாக வைத்த வாதம் வியாபாரம். இதெல்லாம் பெரிய கம்பெனிகள் புதுச் சந்தையைப் பிடிக்கச் செய்கிற வேலை, உரிமை அவர்களுடையது, ஆசியக் கலைஞர் கூலிக்கு வரைகிறவர், அவருக்கு உயிரை மாற்ற அதிகாரம் ஏது என்றார். உரிமை யார் கையில் என்பதில் அவர் சொல்வது உண்மைதான், அது எனக்கும் வலிக்கிற உண்மை. ஆனால் அதிகாரம் ஒப்பந்தத்தில் மட்டும் இருப்பதில்லை. 1978-இல் டோயெய் நிறுவனம் மார்வெலிடம் அனுமதி வாங்கி ஜப்பானில் ஸ்பைடர்மேன் தொலைக்காட்சித் தொடர் எடுத்தது, 41 பாகம். அதில் தக்குயா யமாஷிரோ என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரனுக்கு வேற்றுக்கிரகத்துக்காரர் ஒருவர் சக்தி கொடுக்கிறார், கூடவே லெயோபார்டான் என்று ஒரு ராட்சத ரோபோவும் கொடுக்கிறார். ஸ்பைடர்மேனுக்கு எதற்கு ரோபோ என்று கேட்காதீர்கள், அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அந்த ராட்சத ரோபோ யோசனை அடுத்த வருஷமே டோயெய்யின் சென்டாய் தொடருக்குள், அதாவது வண்ண உடை வீரர்கள் அணியாகச் சண்டை போடும் தொடருக்குள், போனது, அங்கிருந்து வருஷா வருஷம் சென்டாய் அணிகளுக்கெல்லாம் ரோபோ வந்தது, அந்தக் காட்சிகளை வாங்கித்தான் 1993-இல் அமெரிக்காவில் பவர் ரேஞ்சர்ஸ் செய்தார்கள். கடன் வாங்கிய ஹீரோவுக்குள் இவர்கள் வைத்தது, கடன் கொடுத்த நாட்டுப் பிள்ளைகள் கையிலேயே பொம்மையாகப் போய்ச் சேர்ந்தது. உடையை மட்டும் மாற்றியிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொன்றையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் இது நம் வீட்டு விஷயம். இரும்புக்கை மாயாவியை அப்படியேதானே ரசித்தோம், 1972-இல் முத்து காமிக்ஸில் வந்தபோது யாரும் அவரைத் தமிழராக்கவில்லையே, பின்னே எதற்கு மறுபடைப்பு என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் பிரிட்டிஷ் பத்திரிகையில் பிறந்தவர், வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர், ஆனால் நமக்கு அவர் மாயாவி. எனக்கும் அவர் மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் ஒன்று யோசியுங்கள். மொழி நம்முடையது, ஆனால் அவர் ஓடிய தெருவில் நம் முகம் ஒன்று கூட இல்லை. மறைந்து போகிற ஒருவரை அவ்வளவு நேசித்த நாம், அந்தப் படங்களில் நாமும் மறைந்துதான் இருந்தோம். அதனால் மாயாவி குறைந்தவர் ஆகிவிட மாட்டார். ஆனால் ஆசியப் பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தேடி ஏன் பேனாவை எடுத்தார்கள் என்று அதிலிருந்து புரியும்.

முகம் என்று வந்துவிட்டேன், அதிலேயே முடிக்கிறேன், நேரம் நெருங்குகிறது.

ஜீன் லூயன் யாங் கலிபோர்னியாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர். அமெரிக்காவில் பிறந்தவர் ஆசியக் கலைஞரா என்று கேட்பீர்கள், அவர் எழுதிய சூப்பர்மேன் அதற்குப் பதில் சொல்கிறான். 1946-இல் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் வெள்ளை இனவெறிக் கூட்டத்தை எதிர்த்த ஒரு தொடர் வந்தது, சீனக் குடும்பம் ஒன்று ஊருக்குள் குடிவருவதால் வரும் சண்டை. யாங் அதை எடுத்து 2019-இல் காமிக்ஸாக்கினார், வரைந்தவர்கள் குரிஹிரு என்ற பெயரில் சேர்ந்து வரையும் இரண்டு ஜப்பானியப் பெண்கள். வானொலிக் கதை அந்த வீட்டுப் பையனைச் சுற்றிப் போனது. யாங் அவன் தங்கை ராபர்ட்டாவை நடுவில் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கதையின் தொடக்கத்தில் சூப்பர்மேன் பறப்பதில்லை. மின்கம்பி மேல் கால் வைத்து ஓடுகிறான், தாவுகிறான். பறந்தால் தான் இந்த மண்ணின் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும் என்ற பயம் அவனுக்கே தெரியாமல் அவனுக்குள் இருக்கிறது. நீ உன்னை அடக்கி வைத்திருக்கிறாய் என்று கண்டுபிடிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? புது வீதியில் தன் சீன முகத்தை வைத்துக்கொண்டு கூனிக் குறுகி நடக்கும் அந்தச் சின்னப் பெண். தானும் அதையே செய்துகொண்டிருந்ததால் அவள் கண்ணுக்கு அது தெரிகிறது. 1938-லிருந்து சூப்பர்மேன் ஒரு அகதி, எத்தனையோ பேர் எழுதினார்கள். அகதியின் உடம்பு எப்படிக் குறுகும் என்று இந்தப் புத்தகம் காட்டிய மாதிரி வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

கடைசி சாட்சி. 1944-இல் அமெரிக்காவில் கிரீன் டர்ட்டில், அதாவது பச்சை ஆமை, என்று ஒரு ஹீரோ வந்தான். வரைந்தவர் சூ ஹிங், சீன வம்சாவளி ஓவியர். கதை நடப்பது சீனாவில், ஜப்பானியப் படையை எதிர்த்து. ஹீரோவைச் சீனனாகக் காட்ட அவர் விரும்பினார், பதிப்பகம் விடவில்லை என்று ஒரு செய்தி வாய்வழியாக உலவுகிறது, உறுதியாகச் சொல்ல ஆவணம் கிடையாது. ஆனால் பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் கிரீன் டர்ட்டிலின் முகம் சரியாகத் தெரிவதே இல்லை. முதுகைக் காட்டி நிற்கிறான், திரும்பினால் கை மறைக்கிறது, இல்லாவிட்டால் நிழல் விழுகிறது, இல்லாவிட்டால் நடுவில் ஏதாவது ஒரு பொருள் வந்துவிடுகிறது. தெரிகிற தோல் மட்டும் வேண்டுமென்றே அடித்தது மாதிரி இளஞ்சிவப்பு. நீங்கள் எப்படி கிரீன் டர்ட்டில் ஆனீர்கள் என்று கூட இருக்கும் பையன் கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று நடந்து பதில் தடைபட்டுப் போகிறது. ஐந்து இதழ் வந்து நின்றுபோனது. பதில் வரவே இல்லை.

எழுபது வருஷம் கழித்து, 2014-இல், அந்த ஹீரோவுக்கு யாங் ஒரு தொடக்கம் எழுதினார். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சன்னி லியூ வரைந்தார். மளிகைக் கடை வைத்திருக்கும் சீனக் குடும்பம், கடையே போதும் என்று இருக்கும் பையன் ஹாங்க், அவனை எப்படியாவது சூப்பர் ஹீரோ ஆக்கிவிட வேண்டும் என்று மல்லுக்கட்டும் அம்மா. பழைய இதழ்களில் கிரீன் டர்ட்டிலின் பின்னால் காரணமே சொல்லாமல் கண்ணும் வாயுமாக ஒரு ஆமை நிழல் விழும், அது சீனத்திலிருந்து அப்பாவின் நிழலுக்குள் ஒளிந்துகொண்டு வந்த ஆமைத் தெய்வம் என்று இந்தக் கதை சொல்கிறது. உடையென்று பார்த்தால் அங்கி, முகமூடி, பச்சை நிறம் எல்லாம் ஏறக்குறைய 1944-இல் இருந்ததுதான். எதிரணி நண்பர்களிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறேன், நடுவர் அவர்களே, பிறகு உங்களிடமும் வரட்டும். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திருப்புங்கள். அவன் முகம் தெரியும்.